நடுவரும் நாலாவது சுற்றும்

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் பத்தொன்பது வருடமாக எக்ஸ்ரே எடுத்து வரும் அந்த மனிதருக்கு ‘நடுவர்’ என்று பெயர். வைத்தது அவருடைய மச்சினி; அதே கட்டிடத்தில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவள். நடுவர் பிறந்ததிலிருந்து எந்த ஆட்டமும் ஆடியதில்லை. ஒருமுறை பேருந்தைப் பிடிக்க ஓடியிருக்கிறார். பேருந்து ஜெயித்தது.

ஆனாலும் திங்கட்கிழமை காலையில் காபி இயந்திரத்தின் முன்னால் நின்று அவர் தீர்ப்பு வழங்காதவரை, போன வாரத்து ஆட்டம் எதுவும் முடிந்ததாக அர்த்தமில்லை. கடைசி ஓவரைச் சுழற்பந்துக்காரரிடம் கொடுத்த கேப்டனுக்குத் தொப்பி இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. பெனால்டிக்கு இடது பக்கம் பாய்ந்த கோல்கீப்பர் மெத்தைக் கடையில் வேலை தேடலாம். கணுக்கால் பிசகிப் பாதியில் வெளியேறிய டென்னிஸ் பெண்ணுக்குப் பிசகியது கணக்குதான், கால் இல்லை.

இத்தனைக்கும் வேலையில் அவர் கருத்தே சொல்லக்கூடாது. படம் எடுத்துக் கொடுப்பதோடு சரி. உடைந்திருக்கிறதா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கை இரண்டு துண்டாகத் தொங்கினாலும் “டாக்டர் சொல்வார்” என்பதுதான் நடுவரின் பதில். தெரிந்ததைப் பற்றி வாய் திறக்க முடியாத மனிதர், தெரியாததைப் பற்றித் திறந்து ஈடுகட்டிக்கொண்டார்.

ஒரு திங்கட்கிழமை குத்துச்சண்டை மாட்டியது. நாலாவது சுற்றில் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்ட வீரரைப் பற்றி நடுவர் இப்படித் தீர்ப்பளித்தார்: “தாடையில காத்துதான் பட்டுச்சு. சுத்த நடிப்பு. மயக்கம் போடறதுல எங்க மாமியாரே இவனைவிடத் தேவலை.”

மச்சினியின் ஃபோன் அதைப் பதிவு செய்துகொண்டிருந்தது.

புதன்கிழமை மதியம் அவள் ஒரு சீட்டை நீட்டினாள். “மாமா, ஒரு தாடைப் படம். பேரைப் பாருங்க.”

பார்த்தார். நாலாவது சுற்றில் உட்கார்ந்த அதே வீரர்.

“எனக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கு.”

“அவருக்கும் வலி மாதிரிதான் இருக்காம். நடிப்பா இருக்கும், போய்ப் பாருங்க.”

“நீ ஃபோன்ல பிடிச்ச அந்தப் பேச்சு எத்தனை பேருக்குப் போச்சு?”

“நான் அம்மாவுக்கு மட்டும்தான் அனுப்பினேன். அவங்களை ஏன் இழுத்தீங்க? அவங்க எத்தனை பேருக்கு அனுப்பினாங்கன்னு அவங்களுக்கே தெரியல.”

குத்துச்சண்டைக்காரர் எக்ஸ்ரே அறைக்குள் பக்கவாட்டில் திரும்பி நுழைந்தார். கதவின் அகலம் அப்படி. இடது கன்னம் வீங்கிக் கண்ணைத் தொட்டது. வாய் திறக்க முடியாததால் கையில் ஒரு குறிப்புப் புத்தகமும் பேனாவும். நடுவர் ஓர் ஈய அங்கிக்கு மேல் இன்னொன்றை மாட்டிக்கொண்டார். கதிர்வீச்சுக்கு ஒன்றே போதும்.

பேசவே கூடாது என்று முடிவெடுத்தார். குரல்தானே சாட்சி. சைகையாலேயே நிற்க வைத்தார். ஆனால் தாடையைக் கருவியின் தாங்கியில் பொருத்த அதைத் தொட்டாக வேண்டும். எந்தத் தாடையைப் பற்றி ஊருக்கெல்லாம் தீர்ப்பு சொன்னாரோ, அதை இரண்டு கையாலும் ஏந்தினார். குத்துச்சண்டைக்காரர் முனகினார். நடுவரும் முனகினார்.

“அசையாதீங்க” என்றார், பூனைக்குட்டி மாதிரி ஒரு குரலில்.

குத்துச்சண்டைக்காரர் அசைந்தார். குறிப்புப் புத்தகத்தில் எழுதினார்: ‘இந்தக் குரலை எங்கயோ கேட்டிருக்கேன்.’

“இங்க மைக்ல கூப்பிடறது நான்தான்.”

‘இல்லை. ஃபோன்ல.’

நடுவர் ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் ஓடிப்போய்ப் பொத்தானை அமுக்கினார். கருவி அந்தத் தலையைச் சுற்றி வந்தது. பதினாலு விநாடி. அந்தப் பதினாலு விநாடியும் தன்னுடைய பற்களை ஒவ்வொன்றாக நாக்கால் தொட்டுப் பார்த்து வைத்துக்கொண்டார்.

படம் திரையில் வந்தது. காது ஓரம் ஒன்று, முன்பல்லுக்குக் கீழே ஒன்று. இரண்டு இடத்தில் எலும்பு விலகியிருந்தது. பத்தொன்பது வருடத்தில் இவ்வளவு தெளிவான நடிப்பை அவர் பார்த்ததே இல்லை.

திரும்பினால் பக்கத்திலேயே குறிப்புப் புத்தகம்: ‘உடைஞ்சிருக்கா? கிளப்ல எல்லாரும் அந்தப் பேச்சைக் கேட்டுட்டாங்க. உடையலன்னா என்னை நிறுத்திடுவாங்க.’

அப்போதுதான் நடுவர் கவனித்தார். அந்தப் பெரிய கையில் காகிதம் படபடத்துக்கொண்டிருந்தது. மின்விசிறி ஓடவில்லை. ஆக அந்த அறையில் பயந்துகொண்டிருந்தவர்கள் இரண்டு பேர்.

டாக்டர் சொல்வார் என்று சொல்லியிருக்கலாம், விதி அதுதான். மீறினால் வேலைக்கு உலை. நடுவர் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

“ரெண்டு இடத்துல” என்றார், சொந்தக் குரலில். “ஃபோன்ல பேசினதும் நான்தான்.”

குத்துச்சண்டைக்காரர் படத்தைப் பார்த்தார். பிறகு நடுவரைப் பார்த்தார். இரண்டுக்கும் ஒரே அளவு நேரம் எடுத்துக்கொண்டார். ஒன்றும் எழுதாமல் போய்விட்டார்.

அரை மணி கழித்து டாக்டரின் அறையிலிருந்து மச்சினி ஒரு மடித்த காகிதத்தைக் கொண்டுவந்தாள். ‘தாடையைக் கம்பி போட்டுக் கட்டறாங்க. ஆறு வாரம் வாய் திறக்கக் கூடாதாம். பிரிச்சதும் முதல்ல உங்ககிட்டதான் பேசணும்.’

நடுவர் அதை நாற்பது தடவை படித்தார். நன்றியா, மிரட்டலா? வீட்டில் மனைவியிடம் காட்டினார்.

“நல்ல மனசோடதான் எழுதியிருக்கார்” என்றாள் மனைவி.

“பேனா தாளோட மறுபக்கம் வரைக்கும் பதிஞ்சிருக்கு மாமா” என்றாள் கூடவே வந்திருந்த மச்சினி.

அன்று மாலையே மாமியாரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். பிறகு, தாடை நிஜமாகவே உடைந்தது, பேசியவன் மடையன் என்று ஒரு பதிவு செய்து மாமியாரின் ஃபோனிலேயே ஒப்படைத்தார். மறுநாள் மதியத்துக்குள் அது கிளப் வரைக்கும் போயிருந்தது. அதற்கடுத்த திங்கட்கிழமை காபி இயந்திரத்தின் முன்னால் யாரோ கேப்டனை மாற்றியது சரியா என்று கேட்டார்கள். “டாக்டர் சொல்வார்” என்று கோப்பையோடு நகர்ந்துவிட்டார்.

ஐந்தாவது வாரக் கடைசியில் மச்சினியிடம் அடுத்த வாரத்துக்கான லீவு விண்ணப்பத்தை நீட்டினார்.

“அந்த வாரம் முடியாது மாமா. கம்பி பிரிக்கிற படத்தை நீங்கதான் எடுக்கணும்னு அவர் இப்பதான் வந்து எழுதிக் குடுத்துட்டுப் போனார்.”

நடுவர் விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “எந்தக் கையால எழுதினார்?”

“இடது கையால.”

“வலது கை?”

“சும்மா மடக்கி வெச்சிருந்தார்.”