‘வாங்க’ என்று சொல்லாத வெள்ளிக்கிழமை

என் கணவருக்கு அம்மை போட்ட அன்று எங்கள் வீட்டில் ஒரு பாய், ஒரு சட்டி, ஒரு செம்பு, மாற்றுத் துணி ஒரு மூட்டை, இவ்வளவுதான் இருந்தன. அம்மன் படம்கூட இல்லை. விளக்கும் இல்லை. எல்லாம் கூட்ஸ் வண்டி ஏறி ஜொகூரில் இருக்கும் பாலோவுக்குப் போய்விட்டன.

பாலோ மாரியம்மனின் பிள்ளைகளாகிய உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று வெகு நாளாக நினைத்திருந்தேன். ஆடிக் கூழுக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒருத்தி என் முகத்தைப் பார்த்து, “எப்ப வந்துச்சுக்கா?” என்று கேட்கிறாள். ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றிப்போயிற்று. இந்த முறை எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன்.

அப்போது நாங்கள் சிங்கப்பூரில் இருந்தோம். சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், கீழே சீனர் கடை, மேலே எங்கள் அறை. கல்யாணமாகி இரண்டாவது வருஷம். அவர் ரப்பர் மூட்டைகள் அடுக்கும் ஒரு கிட்டங்கியில் சரக்கு நிறுத்துக் கொடுக்கும் வேலை பார்த்தார். ரப்பர் விலை விழுந்த காலம் அது. வாரத்துக்கு நாலு பேரைச் சீட்டுக் கிழித்து அனுப்பினார்கள், ஒரு வாரம் இவர் முறை வந்தது. ஊருக்கே கப்பல் ஏறிப் போய்விடலாம் என்று பலர் கிளம்பிய நேரத்தில், பாலோவில் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு முதலாளி இவரைத் தெரிந்து வைத்திருந்து, “எங்கிட்ட வாய்யா, தராசு பிடிக்க நம்பிக்கையான ஆள் வேணும்” என்று சொல்லி அனுப்பினார். எங்களுக்கு அது தெய்வம் காட்டிய வழியாகத்தான் தோன்றியது.

நான் எதையும் முன்கூட்டியே செய்து முடிக்கிற ஆள். கிளம்புகிற நாள் வரைக்கும் சாமான்களைக் கட்டிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்காது. அதனால் எல்லாவற்றையும் முதலிலேயே ரயிலில் ஏற்றி அனுப்பிவிட்டோம். அறையை மாதக் கடைசியில் காலி செய்வதாகக் வீட்டுச் சொந்தக்காரரான கீழ்க்கடைச் சீனத் தவுக்கேயிடம் சொல்லியாயிற்று. அவரும் வேறொரு தம்பதிக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். இனி டிக்கெட் வாங்க வேண்டியதுதான் பாக்கி. கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

டிக்கெட் வாங்குவதற்குள் ஒரு நாள் அவர் உடம்பு கொதித்தது. வெயிலில் அலைந்ததால் என்று நினைத்தேன். காய்ச்சல் விடாமல் அடித்து, பிறகு நெற்றியில் முத்துக் கண்டது. சாயங்காலத்துக்குள் முகம், கழுத்து, உள்ளங்கை எல்லாம் பரவிவிட்டது.

அம்மா வந்திருக்கிறாள் என்று புரிந்தது. கும்பிட்டேன். கும்பிட்ட கையை எடுப்பதற்குள் பயம் பிடித்துக்கொண்டது.

வாசலில் வேப்பிலை செருக வேண்டும். செருகினால் சந்து முழுவதற்கும் தெரிந்துவிடும். தவுக்கே எங்களை அன்றே தெருவில் நிறுத்துவார். நகரசபை ஆட்கள் வந்து இவரைத் தனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். அங்கே போய்க் குணமாகித் திரும்பியவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் திரும்பாதவர்களின் கதைதான். வேப்பிலை வேண்டும் என்று யாரிடமும் கேட்கவும் முடியாது. நம்மவர்களிடம் வேப்பிலை கேட்டால் எதற்கென்று கேட்கவா போகிறார்கள்? கேட்ட வாயிலேயே விஷயம் வெளியாகிவிடும்.

மறைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு, வெறும் தரையில் பாயை விரித்து, என் புடவையைக் கிழித்து அவருக்குப் போர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். தாளிக்கவில்லை. தலை சீவவில்லை. கஞ்சி மட்டும் வைத்தேன். அதையும் அவரால் விழுங்க முடியவில்லை. இமை இரண்டும் வீங்கி ஒட்டிக்கொண்டன. “செல்லம், விளக்கை ஏத்து” என்றார். அப்போது நடுப்பகல்.

வெள்ளிக்கிழமை காலை கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்சமாகத் திறந்தேன். ஒரு பெண் நின்றாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். முகமெல்லாம் அம்மைத் தழும்பு. அடுத்த மாதம் அந்த அறைக்கு வரப்போகிறவள் அவள்தான், பெயர் பாக்கியம்.

“அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்றாள்.

“அவர் தூங்குறாரு. அப்புறமா பாத்துக்கலாம்” என்றேன். பொய் தாராளமாக வந்தது. ஆனால் வாயில் ஒரு சொல் மட்டும் வரவில்லை. அம்மா இறங்கியிருக்கிற வீட்டில் யாரையும் ‘வாங்க’ என்று அழைக்கக் கூடாது. போகிறவர்களைப் ‘போயிட்டு வாங்க’ என்று அனுப்பவும் கூடாது. இருக்கிறவள் கோபித்துக்கொள்வாள் என்று எனக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கியிருந்தார்கள். எதை மீறினாலும் அதை மட்டும் மீறத் துணிவில்லை. வாசலைத் தேடி வந்த ஒரு சுமங்கலியை வா என்று சொல்லாமல், ஒரு வாய் தண்ணீர் கொடுக்காமல், மரம் மாதிரி நின்றேன். அவள் என் தலையைப் பார்த்தாள். அடுப்புப் பக்கம் பார்த்தாள். “சரி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அவளும் ‘வரேன்’ என்று சொல்லவில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கதவைச் சாத்தியதும் உடைந்துபோனேன். செம்பில் தண்ணீர் பிடித்துச் சுவரோரம் வைத்தேன். அதையே அம்மனாக நினைத்து விழுந்தேன். என் வாய் சும்மா இருக்காது என்பது உங்களுக்குத் தெரியும். சண்டைதான் போட்டேன்.

“வர்றதுக்கு நேரம் பாத்தியாடி அம்மா? பாலோவுக்கு வந்திருந்தா ஒரு விளக்காவது ஏத்தி வச்சிருப்பேன். எங்கிட்ட என்ன இருக்கு உனக்கு வைக்க? ஒரு கொத்து வேப்பிலைக்குக்கூட வக்கில்லாம மறைச்சு வச்சிருக்கேன். எனக்கு இங்க யாரும் இல்ல. அவரை விட்டுடு. கண்ணை விட்டுடு. யாரையாவது அனுப்பு.”

அழுதழுது அப்படியே தரையில் கிடந்தேன். என் ஆயுசில் அவ்வளவு தனியாக நான் இருந்ததில்லை.

மறுநாள் விடிந்து தண்ணீர் பிடிக்கக் கதவைத் திறந்தால், நிலைப்படியின் இரண்டு பக்கமும் வேப்பிலை செருகியிருந்தது. பசேலென்று, ஈரம் காயாமல். எனக்கு உயிரே போய்விட்டது. தெரிந்துவிட்டது. ஊருக்கே தெரிந்துவிட்டது. யாரோ வீட்டை அடையாளம் காட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பிடுங்கி எறியக் கையைத் தூக்கினேன். எறிய மனம் வரவில்லை, அவளுடைய இலையாயிற்றே.

படிக்கட்டில் காலடி கேட்டது. பாக்கியம் ஒரு கட்டு வேப்பிலையும் ஒரு பானை மோரும் சுமந்துகொண்டு வந்தாள். வா என்று சொல்வதற்காகக் காத்திருக்கவில்லை. நேராக உள்ளே நுழைந்தாள்.

“நேத்து வெள்ளிக்கிழமையும் அதுவுமா பூ இல்ல, தாளிச்ச வாசம் இல்ல, வான்னு ஒரு வார்த்தை இல்ல. நானும் தமிழச்சிதானே, தெரியாதா? ஏம்மா, அம்மன் வந்திருக்கிற வீட்டுல இப்படி ஒத்தையிலயா கிடப்பாங்க?”

“அக்கா, கிட்ட வராதீங்க” என்றேன்.

“எனக்கு எப்பவோ வந்துட்டுப் போயிட்டாங்க. ஒருதரம் பாத்த முகத்த அவங்க மறுபடி பாக்க மாட்டாங்க. நகரு.”

நகர்ந்தேன். அவர் தலைமாட்டில் வேப்பிலையைப் பரப்பிவிட்டு, காய்ச்சி ஆற வைத்த தண்ணீரில் பஞ்சை நனைத்துக் கண்களைத் துடைக்க உட்கார்ந்தாள். அத்தனை நாளில் அப்போதுதான் நான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினேன்.

மாதக் கடைசி வந்தது. அந்த அறை அவளுடையது. அவளும் அவள் வீட்டுக்காரரும் இருந்த இடத்தைக் காலி செய்துவிட்டு, பெட்டி படுக்கையோடு ஒரு சொந்தக்காரர் வீட்டுத் தாழ்வாரத்தில் போய்ப் படுத்துக்கொண்டார்கள். எங்களைக் கிளம்புங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் எதற்குப் பயந்து நடுங்கினேனோ அதையும் பாக்கியம் அக்காவே செய்தார். நேராகப் போய்த் தவுக்கேயிடம் விஷயத்தைச் சொன்னார். தவுக்கே மேலே வரவில்லை, ஆனால் தினமும் படிக்கட்டின் கீழே இரண்டு இளநீர் வைத்துவிட்டுப் போனார். அக்காவின் வீட்டுக்காரர் ஒரு டாக்டரை அழைத்து வந்தார். டாக்டர் பார்த்துவிட்டு, இந்த நிலையில் அசைக்க வேண்டாம், வேறு யாரும் மேலே போகக் கூடாது என்று சொல்லி, சந்தில் இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் அம்மை வராமல் தடுக்க அம்மை குத்திவிட்டுப் போனார். பாலோவுக்குத் தந்தி போயிற்று. முதலாளியிடமிருந்து, “மூன்று தண்ணீரும் ஊற்றிவிட்டு வரட்டும். வேலை இருக்கிறது. சாமான் என் வீட்டில் இருக்கிறது” என்று பதில் வந்தது. அதை அக்காவின் வீட்டுக்காரர் படிக்கட்டின் கீழே நின்று படித்தபோது நான் வாய்விட்டு அழுதேன்.

முத்து இறங்கத் தொடங்கிய ஒரு காலையில் அவர் வலது கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார்.

“சாமானெல்லாம் போய்ச் சேர்ந்துடுச்சா?” என்றார்.

சிரித்துவிட்டேன். அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இடது கண்ணுக்காகக் காத்திருந்தோம். அது திறந்தது, ஆனால் வெண்மை படர்ந்திருந்தது. அதில் பார்வை இல்லை.

இங்கேதான் சிலர் என்னை மடக்குவார்கள். “கண்ணை விட்டுடுன்னு கேட்டியே செல்லம்மா, ஒண்ணை எடுத்துக்கிட்டாளே?” என்பார்கள். ஆமாம், எடுத்துக்கொண்டாள். எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் பாயில் கிடந்த மனுஷன் எழுந்து உட்கார்ந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அந்தச் சந்தோஷத்துக்கு முன்னால் கணக்குப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

அவருக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றிய கையோடு எனக்குக் காய்ச்சல் வந்தது. அடுத்தது என் முறை. என்னிடம் மட்டும் மரியாதை குறையக் கூடாது என்று அம்மா நினைத்தாளோ என்னவோ! இந்த முறை நான் எதையும் மறைக்கவில்லை. பயமும் பாதியாகக் குறைந்திருந்தது. பாக்கியம் அக்கா இன்னொரு மாதமும் தாழ்வாரத்தில் படுத்தார். ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. “எதுக்குக்கா இவ்வளவும்?” என்று ஒருமுறை கேட்டேன். அவர் என் காலுக்கு வேப்பிலை அரைத்துத் தடவிக்கொண்டே சொன்னார்.

“எனக்கு வந்தப்ப அக்கம்பக்கத்துல எல்லாரும் கதவைச் சாத்திக்கிட்டாங்க. எம் புள்ளையும் எங்கூட உள்ளதான் இருந்துச்சு. அது போயிடுச்சு.”

இருவரும் சேர்ந்து அழுதோம்.

உடம்பு தேறி நாங்கள் ரயில் ஏறினோம். எங்கள் முகங்களைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். இடம் தாராளமாகக் கிடைத்தது. பாலம் தாண்டி ஜொகூர் மண்ணில் வண்டி ஓடியபோது அவர் என் கையைப் பிடித்தார், அது அவர் வழக்கமில்லை. பாலோ ஸ்டேஷனில் முதலாளியே வந்து நின்றார். இவருடைய கண்ணைப் பார்த்தார். இவர் தலை குனிந்தார். வேலை போயிற்று என்றுதான் நானும் நினைத்தேன்.

“ஏன்யா குனியிற? தராசுக்கு முள்ளு ஒண்ணுதானே. பாக்க ஒரு கண்ணு போதும். வா, கடையத் திற” என்றார்.

அந்தத் தராசைத்தான் இவர் இன்றும் பிடிக்கிறார். நிறுவையில் குறை என்று யாராவது சொல்லியிருக்கிறீர்களா?

நான் அம்மாவிடம் ஆளைத்தான் கேட்டேன். எங்களைக் காலி செய்யச் சொல்ல எல்லா உரிமையும் இருந்தவளையே அனுப்பினாள். அதற்குப் பிறகு நான் அவளிடம் எதையும் சந்தேகப்பட்டுக் கேட்டதில்லை. சண்டை போட்டிருக்கிறேன், அது வேறு.

ரப்பர் தோட்டத்து லய வீடுகளில் இன்னும் அம்மையை மறைக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். வேலை போய்விடும், பெண் கேட்டு வரமாட்டார்கள், ஆஸ்பத்திரியில் போட்டுவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்தை நான் அறிவேன். அம்மா உங்கள் வீட்டுக்கு வந்தால் அவளை நம்புங்கள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசரிடம் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு அம்மை குத்தச் சொல்லுங்கள். எனக்குச் சொல்ல எங்கள் கடைக்கும் ஆளனுப்புங்கள். என்னை ‘வாங்க’ என்று நீங்கள் சொல்ல வேண்டாம். நானே உள்ளே வருவேன்.