காவிக்கு அடியில் இருந்த படை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் பஞ்சு மூட்டை தூக்கினேன். அப்போது நாலு வயது மகளின் முதுகில் வட்டவட்டமாகத் தடிப்பு வந்தது. அக்கி என்று நினைத்து, பானை செய்பவரிடம் கூட்டிப்போய்க் காவி மண்ணால் முதுகில் அக்கி எழுதிக்கொண்டு வந்தோம். மூன்று முறை எழுதியும் வட்டங்கள் பெருகின. மற்ற பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பால்வாடியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நானும் மனைவியும் வேலைக்குப் போனால்தான் சாப்பாடு. பிள்ளையை விட்டுச்செல்ல வேறு இடம் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். காவியைப் பார்த்து அவர் முகம் சுளிக்கவில்லை. "ஏட்டி, முதுகுல யாரு இம்புட்டு அழகா வரஞ்சது?" என்று மகளைச் சிரிக்கவைத்தபடியே ஈரப்பஞ்சால் துடைத்தார். வட்டத்தின் ஓரத்தைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்.

"அக்கி இல்ல, படை. பூஞ்சையால வாரது" என்றவர் என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, வந்ததுலருந்து இடுப்பச் சொறியுதியளே, எம்புட்டு நாளா?"

ஆறேழு வருஷம் இருக்கும். மில்லுக்கு வருமுன் ஊர் ஊராக லாரியில் படுத்துத் திரிந்த காலத்தில் வந்த அரிப்பு. அதை நோய் என்றே நான் நினைத்ததில்லை.

"வீட்ல எல்லாருக்கும் ஒரே துண்டா?"

ஆமாம் என்றேன். தலை நிமிரவில்லை.

"அவ முதுகுக்கு மட்டும் போட்டா நிக்காது. நீங்களும் போடணும்" என்று இருவருக்கும் களிம்பு எழுதினார். குழந்தையைக் காட்டப் போனவனின் கையையும் கவனித்த அப்படி ஒரு கண்ணை நான் சுற்றிய எந்த ஊரிலும் பார்த்ததில்லை. அடுத்த மாதம் மகளைப் பால்வாடியில் சேர்த்துக்கொண்டார்கள்.