தாண்டக் கூடாத கதவு

"தாண்டாதீங்க! குனிஞ்சு தொறந்துட்டுப் போங்க!"

மராத்தி பேசும் வானவடியில் உள்ள அந்த வாடகை வீட்டில் இந்தக் குரல் காபிக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடும். குரலுக்கு உரியவள் அகல்யா, கோயம்புத்தூர்க்காரி. மாடிப்படியின் உச்சியில் அவள் கட்டி வைத்திருக்கும் கதவை ஒரே எட்டில் தாண்டிப் போகிற எல்லோருக்கும் இந்த அதட்டல் உண்டு. முதல் குற்றவாளி கணவன் சபரி. காதில் ஹெட்செட்டோடு "ஹோய்" என்று ஒரு சத்தம் வேறு போட்டுக்கொண்டு தாண்டுவான்.

கதவு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பங்கார் என்று இங்கே சொல்கிற காயலான் கடையில், பழைய சாமான்களுக்கு நடுவே, கால் ஒடிந்து கிடந்த குழந்தைக் கட்டிலின் ஒரு பக்கச் சட்டம். புதிய கதவின் விலையைக் கேட்டுவிட்டு நேரே அங்கேதான் போனாள். வீட்டுக்காரரோ, "ட்ரில் நகோ மேடம், ட்ரில் நகோ" என்று சுவரில் ஓட்டை போடவே விடவில்லை. அதனால் சட்டத்தின் ஒரு பக்கத்தைப் பெல்ட்டுகளால் கைப்பிடித் தூணோடு இறுக்கி, மறுபக்கம் கொக்கி வைத்தாள். கொக்கி இருப்பது படிப் பக்கம். பிள்ளையின் கை நுழையாமல் ஒரு பலகையும் அடித்திருக்கிறாள். பெரியவர்களே குனிந்து கையை விட்டால்தான் கழற்றலாம். பால்கனியில் புறாவுக்குக் கட்டியது போக மிஞ்சிய வலை கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளியை அடைத்தது. சபரி ஆசையாக வாங்கி, விரிக்காமலே வைத்திருந்த யோகா பாயை வெட்டிப் படி விளிம்புகளில் ஒட்டினாள். அதற்கு அவனிடம் அனுமதி கேட்கவில்லை.

இந்தக் கோபம் பிறவிக் குணமல்ல. போன மாதம் ஒன்றரை வயது சஹானா படியில் உருண்டு, உதடு கிழிந்து, தையல் போட வேண்டியதாயிற்று. "படிக்கு கேட் இல்லையா?" என்று டாக்டர் கேட்டபோது சபரி திரும்பி மனைவியைப் பார்த்தான். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வீடு இருவருடையது, பிள்ளையும் இருவருடையது. படி மட்டும் எப்படி அவளுடையதாயிற்று?

"நாங்கெல்லாம் படிக்கு கேட் வெச்சா புள்ள வளத்தோம்?" என்று மாமியார் போனில் சிரித்தார்.

"உருண்டதையெல்லாம் நீங்க கணக்குல சேத்தறதில்லீங்களே அத்தை" என்றாள் அகல்யா. போன் சீக்கிரமே வைக்கப்பட்டது.

சனிக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தால், சஹானா சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கி, "ஓய்" என்றது. அகல்யா மடித்த துணியைக் கீழே போட்டாள். பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு கத்தினாள்.

"வந்து பாருங்க உங்க வித்தைய! நான் கேட் கட்டறேன், நீங்க தாண்டறதுக்குப் பாடம் எடுக்கறீங்க. அந்தக் கால முறிச்சுப் போடோணும்!"

"மீட்டிங் அவசரம் அகல்யா, அதான்..."

"ஏனுங்க, எனக்கு மட்டும் அவசரமே வராதுங்களா?"

மறுநாள் சாயங்காலமே அவளுக்கும் அவசரம் வந்தது. "அடுப்புல பால் இருக்கு, பாத்துக்கோங்க" என்று கீழே சபரியிடம் சொல்லிவிட்டு, சஹானாவுக்கு உடை மாற்ற மாடிக்கு வந்திருந்தாள். ஹாலில் லேப்டாப்பை விட்டு நகராமல் அவன் கூவினான்: "அகல்யா, பால் பொங்குது!"

அவன் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அடுப்பு நாலு எட்டுதான். அகல்யா பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிவந்தாள். கதவின் மேல் ஒரு காலைத் தூக்கியும்விட்டாள். பின்னால் சின்னக் குரல் ஒன்று கேட்டது.

"ஓய்."

தூக்கிய காலைத் திரும்ப இறக்கினாள். கீழேயிருந்து பால் தீய்கிற வாடை ஏறிவந்தது. "அகல்யா!" என்று சபரி மறுபடியும் கூவினான். அவள் குனிந்து, பலகைக்கு அப்பால் கையை விட்டுக் கொக்கியைக் கழற்றி, வெளியே வந்து, கதவைச் சாத்தினாள். பிறகு படியிலேயே மண்டியிட்டு, சஹானா நன்றாகப் பார்க்கும்படி, மெதுவாகக் கொக்கியை மாட்டினாள்.