கயிறு இழுத்த இடம்

கணினி சொல்படி பொம்மை செதுக்கும் நம் சிஎன்சி மெஷினில், கட்டையைச் சுழற்றும் ரோட்டரியை இன்று பொருத்தினேன். கட்டை தானாகச் சுற்றியதும் எனக்கு எங்கள் பழைய கடைசல் பட்டறை ஞாபகம் வந்துவிட்டது, பிள்ளைகளே.

கள்ளக்குறிச்சியில் என் அப்பா தொட்டில் கால் கடைவார். எதிரே தரையில் உட்கார்ந்து கயிறு இழுத்துக் கட்டையைச் சுழற்றுவது அம்மா.

"போதும், நிறுத்துடி" என்பார் அப்பா.

"கயிறு யாரு கைல கீது?" என்று கேலி செய்துவிட்டுத்தான் அம்மா நிறுத்துவாள்.

அம்மா இறந்த பிறகு அப்பா மோட்டார் மாட்டினார். முதல் நாளே, "போதும், நிறுத்துடி" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டுக் கட்டையைப் பிடித்தார். மோட்டார் நிற்கவில்லை. உள்ளங்கை கிழிந்துவிட்டது. நான் துணியோடு ஓடினேன். அப்பா கையைப் பார்க்கவே இல்லை. காலியான தரையைப் பார்த்து, "இன்னாடி, காதுல வுழலயா?" என்றார்.

இன்று மெஷினுக்கு எதிரே நீங்கள் உட்கார வந்தபோது அதட்டிவிட்டேன். அங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிற மாதிரி இருந்தது.