எல்லா செட்டுக்கும் ஒரே ரிமோட்

என் வீட்டுக்காரருக்கு செராமிக் கம்பெனியில் வேலை. வந்ததும் கைகூடக் கழுவாமல் ரிமோட்டை எடுப்பார். களிமண் ஏறி ஏறி ஹோம் தியேட்டரின் ரிமோட் செத்துப்போனது. செட்டின் பொத்தான்களுக்கும் ஏற்கெனவே அதே கதிதான். பஸ் ஸ்டாண்டு கடையில் புது ரிமோட் ஒன்று வாங்கிவந்தார். எல்லா செட்டுக்கும் சேருமாம். சேர்ந்துட்டாலும்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை நீட்டிப் பிடித்து, பொத்தானை அழுத்தியபடியே உட்கார்ந்திருந்தார். நம் செட்டுக்கான நம்பரை அதுவே தேடுமாம். செட்டில் விளக்கு எரிந்ததும் கையை எடுத்துவிட வேண்டுமாம். பொங்கலன்று சத்தத்தை முழுசாக ஏற்றி வைத்ததோடு நின்றுபோன செட்டு அது. பக்கத்து வீட்டுக்காரருக்கோ பாட்டுச் சத்தமே ஆகாது. "யோவ், நிறுத்துய்யா!" என்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவார். அதில் ஆரம்பித்த சண்டையில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவரோடும் பேச்சில்லை.

திடீரென்று மதிலுக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல். "அய்யோ, என்ன வுட்டுட்டுப் போயிட்டீங்களே!" எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"என்னாங்க, அத மொதல்ல கீழ வைங்க!" என்றேன். அதற்குள் செட்டில் பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே கிடந்த கல்யாணப் பாட்டு சிடி தெரு முழுக்க அலறியது. ரிமோட்டில் எதை அழுத்தியும் நிற்கவில்லை. இவர் கையை எடுக்காததில் அந்தப் பாழாய்ப்போனது அடுத்த நம்பருக்குத் தாவியிருந்தது. பிளக் பீரோவுக்குப் பின்னால் இருந்தது. நான் இடுக்கில் கையை விட்டு ஒயரையே பிடுங்கினேன்.

இழவு விழுந்த நேரத்தில் கல்யாணப் பாட்டு போட்டவர்கள் என்று ஊரே காறித் துப்புமே! வேண்டுமென்றே செய்தோம் என்றுதானே அக்கா நினைப்பார்? போகாமல் இருந்தால் அதுவே உண்மையாகிவிடும். போனால் எல்லோர் முன்னாலும் மண்ணை வாரித் தூற்றுவார். இனி ஜென்மத்துக்கும் அந்த முகத்தில் விழிக்க முடியாது என்று பயந்தேன். இருந்தும் போனேன். இவர் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டே வந்தார்.

அக்கா தன் வீட்டுக்காரரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, சத்தியமா தெரியாமத்தான்..." என்று ஆரம்பித்தேன். என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"பாட்டு கேட்டதும் எனக்குப் போன உசுரு வந்துச்சுடி. இப்ப எழுந்து கத்துவாரு, இப்ப எழுந்து கத்துவாருன்னு மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தேன். ஏன்டி அதுக்குள்ள நிறுத்துன?"