பீப் சத்தம் கேட்டால் நின்றுவிடும் பெண்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்தில், பட்டப்பகலில், என் கணவர் ஒரு குற்றம் செய்தார்.

பதறாதீர்கள். போலீஸ், கேஸ் என்று போகிற குற்றமில்லை. ஆனால் அவருடைய கம்பெனியில் வேறு யாராவது இதைச் செய்திருந்தால், கையோடு மெமோ கொடுத்திருப்பார். அந்த ரகக் குற்றம்.

அவரைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் புலம்பாத வாரம் குறைவு. புதிதாக வருகிறவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன்... ஒரகடத்தில் கார் உதிரி பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் அவர் சேஃப்டி ஆபீசர். வேலையைக் கேட்டிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. எங்கள் வீட்டு மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் யாரும் இறங்க முடியாது. நான் ஸ்டூல் போட்டு ஒட்டடை அடித்தால், "உயரத்துல ஏற பர்மிட் வாங்கினியா?" என்று கீழே நின்று கேட்பார். கல்யாணமான புதிதில் ஜோக் என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன். பாவம் நான்.

எங்கள் மகள் வைஷ்ணவி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பாஸ்கெட்பால் பைத்தியம். சாப்பிடும்போதுகூட மடியில் பந்து இருக்கும். மாவட்ட ஜூனியர் பெண்கள் அணிக்கு செலக்‌ஷன் வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து அவள் கால் தரையில் இல்லை.

ஆனால் அடுத்த வருஷம் பத்தாவது ஆயிற்றே! வீட்டில் ஓர் ஒப்பந்தம் போட்டோம். செலக்‌ஷனில் தேறினால் பத்தாவதிலும் விளையாடலாம். தேறாவிட்டால் பந்து பரணுக்கு, பெண் டியூஷனுக்கு. அழுவாள், அடம்பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். "சரிம்மா" என்றாள், அவ்வளவுதான். பந்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

சரி, பயிற்சி எடுக்க வேண்டும். எங்கே எடுப்பது?

பள்ளிக்கூடத்து கோர்ட்டில் புதுக் கட்டிடத்துக்காக ஜல்லி கொட்டி வைத்திருந்தார்கள். மாலையில் எங்கள் ஸ்ரீபெரும்புதூர் முழுக்க கரண்ட் இருக்காது. பி.டி. மிஸ் எஸ்தர் – திருநெல்வேலிக்காரர், பிள்ளைகளைவிட இவருக்குத்தான் செலக்‌ஷன் ஜுரம் – நேராக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். "சார், உங்களுக்குத் தெரிஞ்ச எடம் எதாச்சும் இருந்தாச் சொல்லுங்க. சிமெண்டுத் தரையும் லைட்டும் இருந்தாப் போதும். மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

என் கணவருக்குத் தெரிந்த ஒரு டிரான்ஸ்போர்ட் காண்டிராக்டரின் லாரி யார்டு ஒரகடம் பக்கம் இருந்தது. சிமெண்ட் தரை, ஜெனரேட்டர் வெளிச்சம், ஒரு ஓரமாகத் தாராளமான இடம். யார்டின் வெல்டர் கம்பம் நட்டு ரிங் மாட்டிக் கொடுத்தார். ஸ்கூல் வேன் தினமும் பிள்ளைகளை அங்கே கொண்டுவந்து இறக்கியது. எல்லாம் கூடி வந்தது.

ஒரே ஒரு சிக்கல். ஷிப்ட் முடிகிற நேரத்தில் லோடு இறக்கிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, பீப்... பீப்... என்று பின்னாலேயே நகர்ந்து வந்து நிற்கும்.

என்னவர் சும்மா இருப்பாரா? முதல் நாளே மஞ்சள் பெயின்ட் டப்பாவோடு வந்தார். தரையில் நீளமாக ஒரு கோடு போட்டார். பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்தார்.

"தோ பாருங்க. வெளாட வேணான்னு சொல்லல. ஆனா லாரி வந்துகினே இருக்கும். ரிவர்ஸ் ஹார்ன் கேட்டா... ஸ்டாப்! பந்து ரெண்டு கையில. ஓடக் கூடாது. நடந்து போயி மஞ்சக் கோட்டுக்கு அந்தாண்ட நிக்கணும். நான் கை காட்னாதான் உள்ள வரணும். புரிஞ்சுதா?"

புரிந்தது. நன்றாகவே புரிந்தது. முதல் நாள் தட்டுத் தடுமாறினார்கள். அந்த வாரமே அத்துப்படியாகிவிட்டது. பந்து பறந்துகொண்டிருக்கும், பீப் கேட்கும், அத்தனை பேரும் அப்படியே நின்று, திரும்பி, அமைதியாக நடந்து போய்க் கோட்டைத் தாண்டி நிற்பார்கள். லாரி டிரைவர்கள் வண்டியை விட்டு இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். கூடையில் பந்து விழுந்தபோதெல்லாம் சும்மா இருந்த என்னவர் இதற்குக் கைதட்டினார்.

எஸ்தர் மிஸ்ஸுக்குப் பொறுக்கவில்லை. "சார், இது பாஸ்கெட்பாலா, ஃபயர் டிரில்லா? புள்ளைக எப்ப சார் வெளாடும்?"

"மொதல்ல முழுசா வூட்டுக்குப் போவட்டும் மிஸ். அப்புறம் வெளாட்டு."

பீப் ஓய்ந்த இடைவெளிகளில் மிஸ் பாஸ், டிஃபென்ஸ், ஓடிவந்து எம்பிக் கூடையில் போடும் லே-அப் என்று சொல்லிக் கொடுத்தார். வைஷ்ணவிக்கு இடது கை கொஞ்சம் சோம்பேறி. அந்தக் கையாலேயே பந்தைத் தட்டு, அந்தக் கையாலேயே போடு என்று அவளை விரட்டினார். வீட்டில் அவள் இடது கையால் தோசை திருப்பப் போய் அடுப்பைச் சுற்றிலும் மாவு.

இப்படியாக செலக்‌ஷன் நாள், அந்த ஞாயிற்றுக்கிழமை, வந்தது.

காஞ்சிபுரத்தில் ஒரு விளையாட்டு மைதானம். ஒரு பக்கம் படிக்கட்டு மாதிரி கேலரி. அதன் மேல்படியில் நாங்கள் உட்கார்ந்தோம். முன்னால் கோர்ட். பின்னால் குட்டைச் சுவருக்குக் கீழே ஒரு சந்து, சந்தில் ஒரு கல்யாண மண்டபம். மாவட்டம் முழுவதிலிருந்தும் வந்த பெண்களைக் கலந்து இரண்டு அணியாகப் பிரித்து ஆட விடுகிறார்கள். ஆட இறங்கிய பத்துப் பேரில் வைஷ்ணவியோடு சேர்த்து எங்கள் பள்ளிப் பெண்கள் மூன்று பேர் இருந்தார்கள்.

விசில். ஆட்டம் தொடங்கியது. பந்து வைஷ்ணவி கையில். ஒருத்தியை ஏமாற்றிக் கடந்தாள். இன்னொருத்தியையும். கூடையை நெருங்கிவிட்டாள். நான் எழுந்தேவிட்டேன்...

பீப்... பீப்... பீப்...

மண்டபத்துக்கு நாற்காலி ஏற்றி வந்த வேன் சந்தில் ரிவர்ஸ் எடுத்தது.

வைஷ்ணவி நின்றாள். பந்தை இரண்டு கையாலும் பிடித்தாள். திரும்பி, அமைதியாக நடந்து, கோர்ட்டின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் போய் நின்றாள். எங்கள் பள்ளியின் மற்ற இரண்டு பெண்களும் – அதில் ஒருத்தி எதிரணி! – அவள் பக்கத்தில் போய் நின்றார்கள்.

மைதானமே முழித்தது. என் பக்கத்தில் மட்டும் ஒரு சந்தோஷக் குரல். "பாத்தியா? ஒருத்தியாவது ஓடினாளா பாரு!"

நான் பார்த்த பார்வையில் அவருக்கு மெதுவாக விஷயம் உறைத்தது.

பந்து எதிரணிக்குப் போனது. ஆட்டம் தொடர்ந்தது. வேனுக்கோ ஒரே திருப்பில் மண்டபத்துக்குள் நுழைய முடியவில்லை. முன்னால் போனது, மறுபடி பின்னால் வந்தது. பீப். மறுபடியும் மூன்று பேரும் கோட்டுக்கு வெளியே. "ஏட்டி, எதுக்குட்டி நிக்க? ஓடுட்டி!" என்று எஸ்தர் மிஸ் தொண்டை கிழியக் கத்தினார். "உடம்பு ஏதும் சரியில்லையாம்மா?" என்று தேர்வாளர் ஒருவர் வைஷ்ணவியிடம் கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். கண் நிறைந்துவிட்டது. அவளுக்குத் தெரிகிறது, கால் கேட்க மாட்டேன் என்கிறது.

நன்றாகப் பழகிவிட்டது என்றால் என்ன அர்த்தம்? இனி நம்மைக் கேட்காமலே நடக்கும் என்றுதானே! பிள்ளைகளுக்கு எதையாவது பழக்குகிறபோது நாம் இதை யோசிப்பதே இல்லை. நல்லதுக்குத்தான் பழக்குகிறோம். அது எந்த ஊரில், எந்த வேளையில் வந்து குறுக்கே நிற்கும் என்று யார் கண்டது?

திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் ஆளைக் காணோம். கேலரிப் படிகளில் ஒருவர் தடதடவென்று ஓடி இறங்கிக்கொண்டிருந்தார். கைப்பிடியைத் தொடவே இல்லை.

சுவர்ப் பக்கம் எட்டிப் பார்த்தேன். சந்துக்குள் நுழைந்தவர் நேராக வேனின் பின்பக்கம் போனார். குனிந்தார். பின்விளக்குக்குப் பக்கத்தில் கையை விட்டு ஒரு வயரைப் பிடுங்கினார்.

ரிவர்ஸ் ஹார்ன் வயர்! எந்தச் சத்தம் வேலை செய்யாவிட்டால் லாரியைக் கேட்டுக்குள்ளேயே விட மாட்டாரோ, அந்தச் சத்தத்தை!

டிரைவர் குதித்து இறங்கினார். "யோவ், இன்னாய்யா பண்ற நீ?"

"என் பொண்ணு அங்க வெளாடுதுப்பா. ஆட்டம் முடியிற வரிக்கும் சத்தம் வேணாம்."

"அதுக்கு? ஹார்ன் இல்லாம பின்னால எடுத்து எவனாச்சும் மாட்டிக்கினா? சேஃப்டின்னு ஒண்ணு கீதா இல்லியா சார்?"

இருபத்து நான்கு மணி நேரமும் அதையே பேசுகிற மனிதர், அதைக் கேட்டுத் தலை குனிந்து நின்றார். பிறகு சொன்னார்: "கீதுப்பா. பின்னால நான் நிக்கிறேன். நீ என் கையப் பாத்து வா."

நின்றார். ஒரு சைக்கிளை நிறுத்தினார், ஓர் ஆட்டை விரட்டினார், இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி வேனைப் பின்னால் அழைத்தார். முதுகு மைதானத்தைப் பார்த்திருந்தது.

அந்த முதுகுக்குப் பின்னால்தான் வைஷ்ணவி ஆடினாள். முதலில் பயந்து பயந்து, காதைத் தீட்டிக்கொண்டு. சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை ஓடினாள். வரவில்லை. அப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. வலது பக்கம் இரண்டு பேர் மறித்தபோது பந்தை இடது கைக்கு மாற்றி, எம்பி, அந்தச் சோம்பேறிக் கையால் அலுங்காமல் கூடைக்குள் போட்டாள். கேலரி கைதட்டியது. நான் அழுதேன். எஸ்தர் மிஸ் என்னைவிட அதிகமாக அழுதார்.

கடைசி விசில் ஊதிய பிறகுதான் இவர் வயரை மறுபடி மாட்டினார். டிரைவரை ரிவர்ஸ் போடச் சொல்லி, சத்தம் சரியாக வருகிறதா என்று செக் பண்ணிவிட்டுத்தான் வந்தார்.

சாயங்காலம் பெயர்களை வாசித்தார்கள். எங்கள் பெண்களில் ஒருத்திக்கு இடம் கிடைக்கவில்லை. அவளுக்கு அடுத்த வருஷமும் வயது இருக்கிறது என்று மிஸ் அணைத்துக்கொண்டார். கடைசிப் பெயர் வைஷ்ணவி. பந்து பரணுக்குப் போகாது.

திரும்பி வரும்போது ஸ்கூல் வேனில் அப்பாவை ஒட்டி உட்கார்ந்தாள். "அப்பா, என் லே-அப்ப பாத்தியா?"

"பாத்தேன் கண்ணு. சூப்பரு."

"எந்தக் கையால போட்டேன்?"

"...ரைட்டு."

அவள் முகம் விழுந்துவிட்டது. "நீ பாக்கவே இல்ல. எங்க போயிருந்த?"

"தண்ணி குடிக்கப் போயிருந்தேம்மா."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றிலிருந்து அப்பாவோடு பேச்சு இல்லை. நான் உண்மையைச் சொல்லலாம் என்று வாயெடுத்தால், இவர் கையைப் பிடித்துக்கொள்கிறார். "வேணாம். ஹார்ன் வயரப் புடுங்கினேன்னு தெரிஞ்சா, நாளைக்கு நான் சொல்றத எவ கேப்பா? நீ பேப்பர்லயும் எழுதித் தொலைக்காத."

எழுதக் கூடாதுதான். ஆனால் இந்தப் பக்கத்தை வாராவாரம் முதலில் படிக்கிற வாசகி எங்கள் வீட்டிலேயே இருக்கிறாள்.

வைஷ்ணவி... அப்பா தண்ணீர் குடிக்கப் போகவில்லை.