ஸ்டெல்லாவின் தவக்காலப் பாடல்கள்

தொண்ணூறுகளில் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் மனைவி ஸ்டெல்லா, மாதா கோயிலுக்காகத் தான் இயற்றிய தவக்காலப் பாடல்களைத் தாளில் எழுதாமல் நேராகக் கணினியில் தட்டச்சு செய்தாள். அவள் பயன்படுத்திய தமிழ் மென்பொருள் இயங்க, பிரிண்டர் வயர் செருகும் இடத்தில், அதை விற்ற கம்பெனி தந்த சிறு மின்னணுப் பூட்டைச் செருக வேண்டும். அச்செடுக்குமுன் அவள் இறந்துபோனாள். அடுத்த மழையில் மின்னழுத்தம் எகிறிப் பூட்டு கருகிவிட்டது.

அம்பத்தூரில் கணினி பழுதுபார்க்கும் அவள் தம்பி அந்தோணியிடம் போனேன்.

"பாட்டெல்லாம் உள்ளதான் கீது மாமா. தொறக்கிற வித்தை கம்பெனிக்காரனுக்கு மட்டுந்தான் தெரியும். அவன் கடைய மூடிட்டான்."

"காசு குடுத்து வாங்கினேனேடா!"

"வாங்குனது வாடகை ஊடு மாமா. ஓனர் சாவியோட எஸ்கேப்பு." சிரித்தவன், அக்கா நினைவு வந்து சட்டென்று நிறுத்தினான். பிறகு ஒரு சிடியை எடுத்தான். "இது லினக்ஸ், கம்ப்யூட்டர ஓட்டுற சாஃப்ட்வேரு. உள்ள இன்னா கீதுன்னு எல்லாருக்கும் தொறந்து வச்சிக்கிறாங்க. ஒருத்தன் போனாலும் இன்னொருத்தன் பாத்துப்பான்."

அன்றிலிருந்து வீட்டில் அதுதான். ஆனாலும் ஸ்டெல்லாவின் கோப்பை நான் அழிக்கவில்லை. சில ஞாயிறுகளில் திறந்து பார்க்கிறேன். அந்த மென்பொருள் இல்லாததால், எழுத்துகளுக்குப் பதில் திரை முழுக்கக் கட்டங்களும் கோடுகளும் வருகின்றன. எனக்கு மெட்டு மட்டும் நினைவிருக்கிறது. அதை முணுமுணுத்தபடி, ஒரு சொல்லும் புரியாமல், கடைசிப் பக்கம்வரை போகிறேன்.